கல்லூரி பார்க்கப் புறப்படும் முன் பெற்றோர் திறக்க வேண்டிய தளம்: காலேஜ் ஸ்கோர்கார்டு, ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் பதினோராம் வகுப்பில் பிள்ளை படிக்கும் வீட்டில், வசந்தகால விடுமுறை நெருங்கும்போதே கல்லூரி பார்க்கப் போகும் பேச்சு தொடங்கிவிடுகிறது. எந்த ஊருக்கு முதலில் போவது, எந்தக் கல்லூரியின் சுற்றிக்காட்டும் நிகழ்ச்சிக்குப் பதிவு செய்வது, எவ்வளவு தொலைவு வரை காரிலேயே போகலாம் என்று திட்டம் வளர்கிறது. அந்தக் கல்லூரிகளை எதை வைத்துத் தேர்ந்தோம் என்று கேட்டால் மட்டும் பல வீடுகளில் தெளிவான விடை இருப்பதில்லை. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கு வந்த பெற்றோருக்கு இந்த வழக்கமே புதியது. கட்-ஆஃப் மதிப்பெண்ணும் கவுன்சலிங் நாளும் காட்டிய கல்லூரியில் சேர்ந்த தலைமுறை நாம். அதனால் நண்பர்கள் சொல்லும் பெயர்களும் தரவரிசைப் பட்டியலின் முதல் பக்கமும் நம்மை எளிதில் இழுத்துச் செல்கின்றன. எங்கள் மகளுடன் இந்தப் பயணங்களை மேற்கொண்ட காலத்தில் எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது, அமெரிக்கக் கல்வித் துறை கட்டணமின்றி நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற இணையதளம். அது எதற்கு உதவுகிறது, எங்கே நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பொருந்தாமல் போகிறது என்பதை, அடுத்து இந்த வழியில் வரப்போகும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

இத்தளம் 2013ஆம் ஆண்டு சிறிய அளவில் தொடங்கி, 2015 செப்டம்பரில் விரிவான வடிவில் வெளிவந்தது. கல்லூரிகளுக்கு அரசே தரமதிப்பீடு வழங்கும் என்றுதான் ஒபாமா ஆட்சி முதலில் அறிவித்திருந்தது. எதிர்ப்பு வலுத்தபின் அத்திட்டத்தைக் கைவிட்டு, தரவுகளை மட்டும் மக்கள் முன் வைத்தது. ஆகவே இங்கே முதலிடம், பத்தாமிடம் என்ற வரிசை கிடையாது. இதை நான் இத்தளத்தின் பெரிய பலமாகக் கருதுகிறேன். 2022ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஒருவர், தம் பல்கலைக்கழகம் தரவரிசை நிறுவனத்துக்கு அனுப்பிய எண்கள் சரியல்ல என்று வெளிப்படையாக எழுதினார். பல்கலைக்கழகமும் பின்னர் பிழைகளை ஒப்புக்கொண்டது. இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா அந்த ஆண்டின் பட்டியலில் பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. அங்கு நடந்த வகுப்புகளும் பாடம் சொன்ன ஆசிரியர்களும் அந்தப் பன்னிரண்டு மாதங்களில் மாறிவிடவில்லை. ஸ்கோர்கார்டில் காணும் வருமான விவரம் வரித்துறைப் பதிவுகளிலிருந்தும், கடன் விவரம் மத்திய அரசின் கடன் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்படுவதால், அவற்றுக்கு மெருகேற்றும் வாய்ப்பு கல்லூரிகளுக்கு இல்லை.

ஒரு கல்லூரியின் பெயரைத் தேடியதும் மூன்று எண்கள் முதலில் கண்ணில் படுகின்றன. ஆண்டுக்குச் சராசரியாக ஆகும் செலவு, படிப்பை முடித்துப் பட்டம் பெறுவோர் விகிதம், முன்னாள் மாணவர்களின் வருமானம் ஆகியவை அவை. முதல் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் தடுமாறும் இடம் அதுதான். கல்லூரி தன் தளத்தில் அறிவிக்கும் கட்டணம் இதுவன்று. கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் எல்லாவற்றையும் கூட்டி, அதிலிருந்து திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவித்தொகையைக் கழித்தபின் சராசரியாக மிஞ்சும் தொகை இது. அறிவிக்கப்பட்ட கட்டணத்தைக் கண்டு அஞ்சி நாம் ஒதுக்கிவைத்த தனியார் கல்லூரி, குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட மலிவாக இருப்பதை இந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். குடும்ப வருமானத்தை ஐந்து அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே செலவைக் காட்டுவதும் மிகவும் பயனுள்ள ஏற்பாடு.

ஆனால் இதே இடத்தில்தான் நம் வீடுகளில் பலவற்றுக்கு இத்தளம் கைவிரிக்கிறது. ஐந்து அடுக்குகளில் கடைசி அடுக்கு 1,10,000 டாலருக்கு மேல் என்று முடிந்துவிடுகிறது. கணவன் மனைவி இருவரும் மென்பொருள் துறையில் வேலை செய்யும் குடும்பமும், ஒருவர் சம்பளத்தில் அந்த எல்லையைச் சற்றே தாண்டிய குடும்பமும் ஒரே அடுக்கில் வந்துவிடுவதால், அங்கே காணும் சராசரி இருவருக்குமே சரியாகப் பொருந்தாது. மேலும், அரசுக் கல்லூரிகளுக்கு இத்தளம் காட்டும் செலவு அந்த மாநிலத்திலேயே வசிக்கும் மாணவர்களுக்கு உரியது. டெக்சாஸில் வசித்துக்கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எண்ணைப் பார்த்து மனம் குளிர்ந்தால், உண்மையான கட்டணச் சீட்டு வரும்போது அதிர்ச்சிதான் மிஞ்சும். இவ்விரண்டுக்கும் மாற்று, கல்லூரிகளின் தளத்திலேயே இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் எனும் கருவி. 2008ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இதை வலியுறுத்தி, 2011 அக்டோபர் முதல் மத்திய அரசின் உதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள் இளநிலை மாணவர்களுக்காக இதை வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கியது. நம் வருமான வரிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை நிரப்பினால், ஸ்கோர்கார்டின் சராசரியைவிட நமக்கு நெருக்கமான மதிப்பு கிடைக்கும். எந்தக் கல்லூரிக்கும் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். கட்ட முடியாத கல்லூரியை ஆசையோடு சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் பின்னர் அதைச் சொல்வது யாருக்கும் எளிதன்று.

என் மதிப்பில் இத்தளத்தின் மிகச் சிறந்த தகவல் பட்டம் பெறுவோர் விகிதமும், அதன் கீழே இருக்கும் மற்றொரு சிறிய எண்ணும்தான். முதலாண்டு முடித்து இரண்டாம் ஆண்டுக்கு அதே கல்லூரிக்குத் திரும்பியவர்கள் எத்தனை சதவீதம் என்பது அந்தச் சிறிய எண். கல்லூரியின் கட்டடங்களையும் விளையாட்டரங்கையும் காட்டி மகிழ்விக்கும் அலுவலகங்கள் இதைப் பற்றித் தாமாகப் பேசுவதில்லை. இடம் கிடைப்பது கடினமான கல்லூரிகளில் இவ்விகிதம் உயர்வாக இருப்பது இயல்பு, ஏனெனில் அங்கு சேருபவர்களே நன்கு தயாரானவர்கள். ஆகவே நாம் ஒப்பிட வேண்டியது ஏறத்தாழ ஒரே வகை மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளை. அப்படி இரண்டை அருகருகே வைத்து, ஒன்றில் மட்டும் முதலாண்டுக்குப் பின் வெளியேறுவோர் மிகுதியாக இருந்தால், கற்பித்தலிலோ உதவித்தொகையிலோ விடுதி வாழ்க்கையிலோ ஏதோ ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாக இருக்கிறது என்று பொருள். காரணம் என்ன என்பதை இத்தளம் சொல்லாது. அதற்குத்தான் நேரில் போகிறோம்.

பட்டம் பெறுவோர் விகிதத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்கோர்கார்டு எட்டு ஆண்டுகளுக்குள் முடித்தவர்களைக் கணக்கிடுகிறது. கல்லூரிகள் பெரும்பாலும் ஆறு ஆண்டுக் கணக்கை எடுத்துச் சொல்கின்றன. பெற்றோர் மனத்தில் இருப்பதோ நான்கு ஆண்டுகள். ஐந்தாம் ஆண்டின் கட்டணத்தை யாரும் எதிர்பார்த்துச் சேமிப்பதில்லை என்பதால், நான்கு ஆண்டுகளில் முடிப்பவர் விகிதத்தைத் தனியாகக் கேட்பது அவசியம். அதே நேரத்தில், அது குறைவாக இருப்பது எல்லா இடத்திலும் குறையாகாது. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் படிப்புக்கு இடையே மாதக்கணக்கில் நிறுவனங்களில் பணியாற்றும் கோ-ஆப் முறை உண்டு. அங்கே ஐந்தாண்டுத் திட்டத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

வருமானத்தைக் காட்டும் எண், நம் வீடுகளில் முதலில் பார்க்கப்படுவதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் ஆகும். கல்லூரியில் நுழைந்து பத்து ஆண்டுகள் கழித்து வேலையில் இருப்பவர்களின் வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை அது. இடையில் படிப்பை விட்டவர்களும் அதில் அடக்கம். பொறியியல் மாணவர்கள் மிகுந்த கல்லூரியில் அது உயர்ந்தும், ஆசிரியப் பயிற்சியும் சமூகப்பணியும் சிறந்து விளங்கும் கல்லூரியில் தாழ்ந்தும் இருப்பதில் வியப்பில்லை. அதை வைத்துக் கற்பித்தலின் தரத்தை எடைபோட முடியாது. இந்த முதல் எண்ணைக் கடந்து, துறைவாரியாகக் காட்டும் பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பதே என் வலியுறுத்தல். 2019 முதல் ஒரே கல்லூரிக்குள் கணினி அறிவியல், உயிரியல், வரலாறு எனத் தனித்தனியே வருமானத்தையும் கடனையும் பார்க்க முடிகிறது. மாணவர் எண்ணிக்கை குறைவான துறைகளில் தனியுரிமை கருதி எண்கள் மறைக்கப்படுவதால் சிறிய கல்லூரிகளில் பல கட்டங்கள் வெறுமையாக இருக்கும். கடன் பகுதியில் முதலில் காண்பது மாணவர் பெயரிலான மத்திய அரசுக் கடன். தனியார் வங்கிகளில் வாங்கியது அதில் சேராது.

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வருமான விவரங்கள் மத்திய அரசின் மாணவர் உதவியைப் பெற்றவர்களை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை; சராசரிச் செலவும் அப்படியே. விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த உதவி கிடையாது. எனவே பல ஆண்டுகள் இங்கேயே பள்ளிக்குச் சென்று வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும், செலவு, வருமானம் ஆகிய இரு எண்களிலும் அவர்களைப் போன்றவர்கள் இடம்பெறுவதில்லை. பட்டம் பெறுவோர் விகிதம் மட்டும் அவர்களுக்கும் பொருந்தும். மாநிலக் கட்டணச் சலுகை எச்-4 பிள்ளைகளுக்கு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் அதைப் பல்கலைக்கழகத்தின் வசிப்பிட விதிகளில் பார்க்க வேண்டும். 21 வயதில் எச்-4 நிலை முடிந்துவிடும் என்பதால் படிப்பின் நடுவே மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அப்படி மாறினால் மாநிலக் கட்டணம் தொடருமா என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. இந்தக் குடும்பங்களின் கவலையைக் கல்லூரித் தேர்வு பற்றிய பொதுவான அறிவுரைகள் கண்டுகொள்வதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஸ்கோர்கார்டு சொல்லாத பலவற்றைச் சொல்வது காமன் டேட்டா செட் என்னும் ஆவணம். ஒரே கேள்விப் பட்டியலுக்குக் கல்லூரிகள் ஆண்டுதோறும் தாமாக முன்வந்து தரும் விடைகள் அவை. எல்லாக் கல்லூரிகளும் வெளியிடுவதில்லை. வெளியிடுபவற்றைக் கல்லூரியின் பெயருடன் தேடினால் எடுத்துவிடலாம். அதன் சி-7 பகுதி, மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் போன்றவற்றுக்குச் சேர்க்கையில் எவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது என்பதை அட்டவணையாகத் தருகிறது. விண்ணப்பதாரர் கல்லூரி மீது காட்டும் ஆர்வம் கணக்கில் கொள்ளப்படுமா என்ற வரியும் அங்கே உண்டு. நேரில் வந்து பார்த்ததைச் சில கல்லூரிகள் அந்த ஆர்வத்தின் அடையாளமாகக் கொள்வதால், பயணத்துக்குப் போதிய வசதி இல்லாத குடும்பம் எந்தக் கல்லூரிக்கு நேரில் போவது, எதை இணையவழி நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது என்று இந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்யலாம். எச்-2ஏ பகுதி, வருமானத்தைப் பார்க்காமல் தகுதிக்காக வழங்கப்படும் உதவித்தொகையை எத்தனை பேர் பெற்றார்கள், சராசரியாக எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. கடைசி வருமான அடுக்கில் இருக்கும் குடும்பங்களுக்கு ஸ்கோர்கார்டு தரத் தவறுவது இதைத்தான். ஐ-3 பகுதியில் வகுப்புகளின் அளவு இருக்கிறது. ஆசிரியர்-மாணவர் விகிதத்தைப் பெருமையாகச் சொல்லும் கல்லூரியில் நூறு பேருக்கு மேல் அமரும் வகுப்புகள் எத்தனை என்பதை அங்கே காணலாம்.

பாதுகாப்பு பற்றிய விவரத்துக்கு மற்றோர் ஆவணம் உண்டு. 1986ஆம் ஆண்டு லீஹை பல்கலைக்கழக விடுதியில் கொல்லப்பட்ட ஜீன் கிளெரி என்ற மாணவியின் பெயரால் அறியப்படும் 1990ஆம் ஆண்டின் சட்டப்படி, மத்திய அரசின் உதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1க்குள் வளாகக் குற்றங்கள் பற்றிய அறிக்கையை வெளியிட வேண்டும். குற்றப் புகார்கள் குறைவாகப் பதிவான வளாகமே பாதுகாப்பானது என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. புகார் கொடுக்க மாணவர்கள் தயங்கும் இடத்திலும் எண் குறைவாகவே இருக்கும்.

இவ்வளவையும் வீட்டிலேயே படித்து முடித்துவிட்டுப் போனதால் எங்கள் பயணங்களின் தன்மையே மாறியது. கல்லூரி அலுவலகம் நடத்தும் அறிமுகக் கூட்டத்தில் பெற்றோர் கைதூக்கிக் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை செலவு, வேலைவாய்ப்பு, ஆசிரியர் விகிதம் பற்றியவை. அவற்றின் விடைகள் எங்கள் கையில் முன்னரே இருந்ததால், நானும் என் கணவரும் அமைதியாக இருக்க முடிந்தது. எங்களிடமிருந்து கேள்வி எழாத அந்த இடைவெளியில் எங்கள் மகள் பேசத் தொடங்கினாள். துறையை மாற்றிக்கொள்ள விரும்பினால் என்ன செய்ய வேண்டும், முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைக்குமா, உடல்நலமின்றித் தேர்வு எழுத முடியாமல் போனவர்கள் யாரிடம் போய்ப் பேசினார்கள் என்று அவள் கேட்டவை எங்களுக்குத் தோன்றியே இருக்காது. துறை மாற்றம் பற்றிய கேள்வி மிக முக்கியமானது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கணினி அறிவியலுக்குச் சேர்க்கையின்போதே நேரடியாகத் துறையில் இடம் பெறுவதுதான் முதன்மை வழி. வேறு துறையில் சேர்ந்துவிட்டுப் பின்னர் மாறிக்கொள்ளலாம் என்று நம்பிப் போவது பெரும் இடர்.

சுற்றிக்காட்டும் மாணவர்கள் பயிற்சி பெற்றவர்கள், கல்லூரியை விரும்புபவர்கள், கனிவானவர்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அவர்கள் காட்டும் விடுதி அறையும் அவர்கள் நடத்திச் செல்லும் பாதையும் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகவே நிகழ்ச்சி முடிந்தபின் இருக்கும் நேரத்தை நான் அதைவிட மேலாக மதிக்கிறேன். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் பெற்றோர் நூலகத்திலோ வளாகத்துக்கு வெளியிலோ போய் அமர்ந்துவிடுவது நல்லது. நாம் அருகில் இல்லாதபோதுதான் அங்குள்ள மாணவர்கள் நம் பிள்ளையிடம் தம் வயதுக்காரராக மனம்விட்டுப் பேசுவார்கள். விரும்பும் துறையின் கட்டடத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் படிப்பதும், முன்கூட்டியே அனுமதி பெற்று ஒரு வகுப்பில் அமர்ந்து கேட்பதும், கூட்டமான நேரத்தில் உணவுக்கூடத்தில் சாப்பிடுவதும் எந்த அறிமுகக் கூட்டமும் தராத தெளிவைத் தந்தன. திரும்பும் வழியில் காரில் நம் கருத்தை முதலில் சொல்லிவிடாமல் இருப்பதுதான் பெற்றோருக்கு மிகவும் கடினமான பகுதி. அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பல பிள்ளைகள் தம் தயக்கத்தை வெளியே சொல்வதே இல்லை.

இந்த விலகல் எப்படியும் வரப்போவதுதான். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது. நாம் தொலைபேசியில் அழைத்து மதிப்பெண்ணைக் கேட்டால் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அலுவலகத்துக்கு இல்லை.

தளத்தின் பயன்பாடு பற்றிச் சில சொற்கள். தேடலும் கல்லூரிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் எளிது, விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்காமலேயே பார்க்கலாம் என்பதால், தனியார் தேடல் தளங்களில் தகவலைக் கொடுத்தபின் வந்து குவியும் விளம்பர மின்னஞ்சல்களும் இல்லை. முன்னாள் மாணவர்களைப் பின்தொடர்ந்து திரட்டும் தரவுகள் என்பதால் எண்கள் சில ஆண்டுகள் பின்தங்கியே இருக்கும். அண்மையில் தொடங்கிய துறைகளைப் பற்றி இங்கே எதுவும் தெரியவராது. மத்திய அரசின் உதவித் திட்டத்தில் சேர மறுக்கும் ஹில்ஸ்டேல், குரோவ் சிட்டி போன்ற கல்லூரிகளை ஆராய்வதற்கும் இது ஏற்ற இடமன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இருக்கும் விளக்கக் குறியைத் தொட்டுப் படித்தால்தான் அது யாரைக் கணக்கில் கொள்கிறது என்பது புரியும். இவ்வளவு முக்கியமான விளக்கத்தை அவ்வளவு சிறியதாக ஒளித்துவைத்திருப்பதை மாற்றினால் நன்றாக இருக்கும்.

சேர்க்கைக் கடிதங்கள் வந்தபின் இத்தளத்தை மீண்டும் ஒருமுறை திறக்கப் பரிந்துரைக்கிறேன். உதவித்தொகைக் கடிதங்களில் கடனையும் கொடையையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதும் வழக்கம் உண்டு. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 91 சதவீதக் கல்லூரிகள் தம் கடிதங்களில் மாணவர் உண்மையில் செலுத்த வேண்டிய தொகையைக் குறிப்பிடுவதில்லை அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று கண்டது. கடிதத்தில் திருப்பிச் செலுத்த வேண்டாத தொகையை மட்டும் தனியே எழுதி, மொத்தச் செலவிலிருந்து கழித்து, ஸ்கோர்கார்டில் நம் அடுக்குக்குக் காணும் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் தொகை மிகவும் கூடுதலாக இருந்தால், அந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி நிதி உதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். வேலை இழப்பு, மருத்துவச் செலவு போன்ற மாற்றங்களுக்குச் சான்றுகளை இணைக்க வேண்டும். பல கல்லூரிகள் முடிவைத் தெரிவிக்கக் கேட்கும் நாள் மே 1 என்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே அக்கடிதம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.